ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு குழந்தையை வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது ஒன்றுகூட ஆகவில்லை. இரண்டு நாளாகப் பேதி. வீட்டில் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கியிருக்கிறார்கள். "கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் தெம்பு வரும் என்று நினைத்தோம் டாக்டர்" என்றார் பாட்டி.

ஓ.ஆர்.எஸ். தெம்புக்கான டானிக் அல்ல, அல்ல, அல்ல. இழந்த நீரைக் குடல் வழியாக உடலுக்குள் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அந்த வேலை அளவு சரியாக இருந்தால்தான் நடக்கும்.

குடலின் உட்சுவரில் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் ஈரடுக்குக் கொழுப்புச் சவ்வு மூடியிருக்கிறது. உப்பும் சர்க்கரையும் கொழுப்பைத் துளைத்துப் போக முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வாசல். அவற்றில் ஒன்று, இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடும். அவை போன பின்னால் தண்ணீரும் போகும். காலரா நச்சு குடலிலிருந்து நீரைக் கொட்டவைத்தாலும் இந்த வாசலைத் தொடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலை நம்பி இறங்கினார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. "குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று என்னிடம் சண்டைக்கு வருபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது டம்ளருக்கு வருவோம். முறையாகக் கரைத்த ஒரு லிட்டரில் சோடியம் 75 மில்லிமோல் (கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு), குளுக்கோஸும் 75. அதே பொடியை 200 மில்லியில் கரைத்தால் அடர்த்தி ஐந்து மடங்கு. ரத்தத்தில் இருப்பதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் சோடியம். தண்ணீர் எப்போதும் அடர்த்தி அதிகமான பக்கம்தான் ஓடும். ஆகவே உடலில் மிச்சமிருக்கும் நீரும் குடலுக்குள் இழுக்கப்படுகிறது, பேதி கூடுகிறது. உடனே "ஓ.ஆர்.எஸ். ஒத்துக்கொள்ளவில்லை" என்று தீர்ப்பு! ரத்தத்தில் ஏறிய உப்போ மூளைச் செல்களிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. வலிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

டப்பாவில் விற்கும் குளுக்கோஸ் பொடியும் மாற்று அல்ல. ஜோடிக்குச் சோடியம் எங்கே? குளிர்பானமும் அட்டைப்பெட்டிப் பழச்சாறும் அதைவிட மோசம்.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைப் படியுங்கள். 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டும் கடையில் உண்டு. குழப்பத்தின் பாதி அதில்தான். கொதித்து ஆறிய நீரை அளந்து ஊற்றுங்கள். சர்க்கரை கூடுதலாகப் போடாதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தயவுசெய்து தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் வாருங்கள்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாக்கெட்டை நீட்டும்போதே எவ்வளவு தண்ணீர் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாங்குபவர் பாட்டியாக இருந்தால் இரண்டு முறை.