கழுத்துல தொங்குற அட்டைக்கு என்ன தெரியும்?

தண்டையார்பேட்டை தம்பி ஒருத்தர், கால் சென்டர் வேலை, கேட்டிருந்தாரு: "அண்ணே, எங்க டேட்டாவ எடுத்து எங்களையே நல்லா வச்சுக்கப் போறோம்னு எச்ஆர் சொல்றாங்க, இது நடக்குமா இல்ல வேவு பாக்கறதா?" ரெண்டுமே நடக்கும் தம்பி.

அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி யுனிவர்சிட்டில அலெக்ஸ் பென்ட்லண்ட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு, ஆபீஸ்ல யாரு யாரோட எப்படிப் பேசிப் பழகுறாங்கன்னு அளக்கறதுக்குன்னே கழுத்துல மாட்டுற ஒரு பேட்ஜ் செஞ்சாங்க. உள்ள ஆக்சிலரோமீட்டர் இருக்கு, போன திருப்புனா ஸ்கிரீன் திரும்புதே, அதே சமாச்சாரம். மைக்கும் இருக்கு, என்ன பேசுனோம்னு எடுக்காது, குரலோட ஏத்த இறக்கம் மட்டும்தான்.

அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது இன்ஃப்ராரெட், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம். டிவி ரிமோட் முனைய போன் கேமரா வழியா பாத்துக்கிட்டே பட்டன அமுக்குங்க, முன்பக்க கேமராவா இருந்தா பெரும்பாலும் ஊதாவா மினுக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பேட்ஜும் இப்படித்தான் தன் நம்பர மினுக்கிக்கிட்டே இருக்கும், எதிர்ல இன்னொரு பேட்ஜ் நெஞ்சுக்கு நேரா வந்தாத்தான் அது பதிவாகும். ப்ளூடூத்னா முதுகக் காட்டி உக்காந்தாலும் பக்கத்துல இருக்காங்கன்னு சொல்லிடும், இந்த வெளிச்சம் ஒடம்பத் தாண்டாது. முழங்கை இடிக்கிற மாதிரி பக்கத்துப் பக்கத்துல ஹெட்செட்டோட எட்டு மணி நேரம் உக்காந்திருந்தாலும் கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யம், அதே ரெண்டு பேரு டீ கிளாஸ கையில புடிச்சிக்கிட்டு திரும்புனாங்கன்னா ஓட ஆரம்பிச்சிடும். அழகு இல்லையா!

அமெரிக்காவுல ஒரு பேங்க் கால் சென்டர்ல இத மாட்டிப் பாத்தாங்க. போன் கால் எடுக்கறது நிக்கக்கூடாதுன்னு ஆளுக்கொரு நேரம் பிரேக் குடுப்பாங்கல்ல, அத மாத்தி, டீம்ல இருக்கறவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கட்டும்னு ஒரு டீமுக்கு ஒரே நேரத்துல விடச் சொன்னாரு பென்ட்லண்ட். ஒரு போன் காலுக்கு ஆகுற சராசரி நேரம் மொத்தமா 8 சதவீதம் கொறஞ்சது, பின்தங்குன டீம்கள்ல 20க்கும் மேல. ஸ்டாஃபுக்கும் வேலை மேல திருப்தி கூடுச்சு.

பெரம்பூர் பின்னி மில்லுல சாப்பாட்டு நேரம் பத்தலன்னு தொழிலாளிங்க கொதிச்சாங்க, 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். நூறு வருஷம் கழிச்சும் எத்தனை ஆபீஸ்ல வாஸ்து பாத்து டேபிள திருப்பறாங்க, பிரேக் நேரத்த ஒருத்தரும் அளக்கறதில்ல, எனக்கு ஆத்திரமா வருது. நம்ம காலேஜ் பசங்களுக்கு இந்த ஆராய்ச்சிக்கு கொஞ்சம் காசு குடுத்தா போதும், இங்கயே செஞ்சிடுவாங்க.

தம்பி, உங்க கார்டு கதவ மட்டும் திறக்கற சாதா கார்டுன்னா அதுக்கு நீங்க வந்ததும் போனதும்தான் தெரியும், அத வச்சு லேட்டுக்கு சம்பளம் பிடிக்கலாம், வேற பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. எச்ஆர் கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: எங்க பேரு போட்ட டேட்டா மேனேஜர் கைக்குப் போகுமா, எங்க டீமுக்கு டீ பிரேக் ஒண்ணா குடுப்பீங்களா?