முழங்கை மடிப்பில் ஒரு வாரம்

என் தங்கைக்கு முகம் வீங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்றைக்கு அல்சூரில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். ஐந்து மணிக்கு எழுந்து கண்ணாடியைப் பார்த்தவள், "அக்கா, இங்க வா" என்று கூப்பிட்டாள். இரண்டு கன்னமும் சிவந்து, கண்ணிமை தடித்து, கை வைத்தால் சூடு தெரிந்தது. அரிப்பு வேறு.

முந்தின ராத்திரி சாப்பிட்ட கத்தரிக்காய்தான் காரணம் என்றார் அம்மா. டேங்கர் தண்ணீர் என்றார் தங்கை வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை இரவு அவள் பூசிய சேம்பிள் கிரீமை யாரும் சந்தேகப்படவில்லை. பூசியபோது எரியவில்லை, சனிக்கிழமை முழுக்க முகம் நன்றாகவே இருந்தது. அதே கிரீமின் இன்னொரு பாக்கெட்டை முந்தின மாதமும் பூசியிருக்கிறாள், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அதன் மேல் எப்படிச் சந்தேகம் வரும்?

காரணம் அந்தக் கிரீம்தான். போன மாதம் ஒன்றும் ஆகாததும், வெள்ளிக்கிழமை ஒன்றும் ஆகாததும், ஞாயிற்றுக்கிழமை முகம் வீங்கியதும் ஒரே கதையின் மூன்று பகுதிகள். இது தெரிந்திருந்தால் அவளுக்கு மூன்று மாதக் கஷ்டம் இல்லாமல் போயிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் பழக்கத்துக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஷாம்புவைப் பாக்கெட்டில் போட்டு ஏழை வீட்டுக்கும் கொண்டுபோன முன்னோடிகளில் ஒருவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். இன்றைக்கு பெங்களூரில் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு லிப்ஸ்டிக் வாங்கினாலும், ஆன்லைனில் ஒரு ஃபேஸ்வாஷ் வரவழைத்தாலும், கூடவே இரண்டு மூன்று இலவசப் பாக்கெட்டுகள் வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி, மிஞ்சிப்போனால் இரண்டு மில்லி. அன்று ராத்திரியே கத்தரித்து முகம் முழுக்கப் பூசி முடித்துவிடுகிறோம்.

அப்படிப் பூசும்போது அந்தக் கிரீம் சந்திப்பது தோலின் மேலடுக்கை. இறந்த செல்கள் பதினைந்து, இருபது வரிசையாக அடுக்கி, நடுவில் கொழுப்பு பூசிய சுவர் அது. செங்கல்லும் சுண்ணாம்பும் மாதிரி என்று தோல் விஞ்ஞானிகளே சொல்வார்கள். மொத்தக் கனம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். நாம் எழுதும் தாளின் கனத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஆனால் உடம்பின் தண்ணீரை உள்ளே வைப்பதும், வெளியில் இருப்பதை வெளியிலேயே நிறுத்துவதும் இந்த மெல்லிய சுவர்தான்.

எது உள்ளே போகும், எது போகாது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினால் நல்ல தோலைக் கடப்பது மிகக் கஷ்டம். விளம்பரங்களில் வரும் கொலாஜன் இதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அது மேலேயே தங்கி ஈரம் பிடித்துக்கொடுக்கும், அவ்வளவுதான். வாசனைப் பொருள்கள் அப்படியில்லை. எலுமிச்சைத் தோலின் லிமோனீன் 136, கிராம்பின் யூஜினால் 164, பட்டையின் சின்னமால் 132. எல்லாம் பொடிசுகள், சுலபமாக உள்ளே நுழைந்துவிடும்.

நுழைந்த பிறகு நடப்பதுதான் முக்கியம். இவ்வளவு சின்ன மூலக்கூறை நம் நோய் எதிர்ப்பு அமைப்பால் தனியாக அடையாளம் காண முடியாது. ஆனால் அது தோலில் உள்ள ஏதாவது ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டால், அந்தப் புரதம் அந்நியமாகத் தெரிய ஆரம்பிக்கும். அதைக் கவனிக்கவே தோலுக்குள் காவலாளிகள் இருக்கிறார்கள். 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தோலைச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது கிளை கிளையாக விரிந்த செல்களைக் கண்டார். நரம்பு செல்கள் என்று நினைத்தார். அவை நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்தவை என்று புரிய நூறு வருடத்துக்கும் மேல் ஆனது. லாங்கர்ஹான்ஸ் செல் என்று இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறோம்.

அந்தச் செல் அந்நியப் புரதத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களிடம் காட்டும். பொருத்தமான டி செல் ஒன்று கிடைத்தால் அது பல்கிப் பெருகும், அதில் ஒரு பகுதி நினைவு செல்களாக உடம்பில் தங்கிவிடும். இதற்கெல்லாம் சுமார் இரண்டு வாரம் ஆகும். வெளியே ஒரு சின்னப் புள்ளிகூடத் தெரியாது. முதல் பாக்கெட்டில் என் தங்கைக்கு நடந்தது இதுதான். முகம் அமைதியாக இருந்தது, உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது பாக்கெட் வந்தபோது அந்த நினைவு செல்கள் தயாராக இருந்தன. அப்போதும் உடனே எதுவும் நடக்காது. அவை தோலுக்கு வந்து சேர்ந்து, மற்ற செல்களைக் கூப்பிட்டு, வீக்கம் வெளியே தெரிய 24 மணியிலிருந்து 72 மணி நேரம் பிடிக்கும். வெள்ளி இரவுக்கும் ஞாயிறு காலைக்கும் இடையே சுமார் 32 மணி நேரம். அதற்குள் நாம் நாலு வேளை சாப்பிட்டிருப்போம், இரண்டு தடவை குளித்திருப்போம். பழி கத்தரிக்காய் மேலும் தண்ணீர் மேலும் விழுவது இதனால்தான்.

எரிச்சல் என்பது வேறு. ரெட்டினால், கிளைக்கோலிக் அமிலம் போன்றவை தோல் சுவரையே நேரடியாகச் சீண்டும். அதற்கு நினைவு செல் எதுவும் வேண்டாம், யாருக்கும் வரலாம். சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ, ரெட்டினால் என்றால் சில நாளிலோ எரியும், அளவைக் குறைத்தால் அடங்கும். அலர்ஜி அப்படி அடங்காது. ஒரு தடவை உடம்பு கற்றுக்கொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது, மிகக் குறைந்த அளவே போதும் மறுபடி கிளப்ப.

நம் மாநிறத் தோலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வீக்கம் வற்றினாலும் நிறம் போகாது. அழற்சி வந்த இடத்தில் மெலனின் அதிகமாகச் சுரக்கும், கொஞ்சம் கீழடுக்கிலும் இறங்கிவிடும். தங்கைக்கு வீக்கம் ஐந்து நாளில் போனது. கன்னத்துக் கருமை போக மூன்று மாதம் ஆனது. மேலைநாட்டு அழகுக் குறிப்புகளில் "லேசான சிவப்பு, தானாக மறைந்துவிடும்" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று மாதம்தான் நினைவுக்கு வருகிறது. எதிர்ப்பக்கமும் நடக்கும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருள் இருந்தால், நிறம் தரும் செல்களையே அது அழித்துவிடலாம். வருடக்கணக்காக ஒரே இடத்தில் பொட்டு வைத்து, அந்த இடம் மட்டும் வெள்ளையாகிப்போன பெண்களை நம் எல்லோருக்கும் தெரியும்.

தோல் டாக்டர் பேட்ச் டெஸ்ட் செய்யச் சொன்னார். 1890-களில் ஜெர்மானிய மருத்துவர் யோசெஃப் யாடாசோன் தொடங்கிவைத்த முறை, அடிப்படை இன்னும் மாறவில்லை. சட்டைப் பட்டன் அளவுக்குச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் சந்தேகத்துக்குரிய ஒரு பொருள். அவற்றை வரிசையாகப் பிளாஸ்திரியில் வைத்து முதுகில் ஒட்டி, பக்கத்தில் மார்க்கரால் எண் போட்டார்கள். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள், 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்த்தார்கள். வரிசையில் பார்த்தீனியமும் இருந்தது. பெங்களூரின் காலி மனைகளில் எல்லாம் மண்டிக் கிடக்கும் அதே செடிதான். நம் நாட்டில் தோல் அலர்ஜிக்கு அது பெரிய காரணம் என்றார் டாக்டர். தங்கைக்குப் பார்த்தீனியம் ஒன்றும் செய்யவில்லை. எட்டு வாசனைப் பொருள்களின் கலவை வைத்த கிண்ணம் இருந்த இடத்தில்தான் சிவந்து, தடித்து, சின்னக் கொப்புளங்கள் வந்திருந்தன. யூஜினாலும் சின்னமாலும் அந்த எட்டில் அடக்கம். "இயற்கையான வாசனை" என்று போட்டிருந்தால் பயமில்லை என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிராம்பும் பட்டையும் இயற்கைதான்.

சரி, இலவசமாக வந்த பாக்கெட்டை என்ன செய்வது? முகத்துக்குப் போட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும், ஒன்றும் தெரியவராது. அதே பாக்கெட் முழங்கை மடிப்பில் ஒரு வாரத்துக்கு மேல் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது தாராளமான பூச்சு. மூன்றுக்கு மூன்று சென்டிமீட்டர் இடம் என்றால் 18 மில்லிகிராம். காலையும் மாலையும் ஏழு நாள் பூசினால் 14 தடவை, மொத்தம் 252 மில்லிகிராம். ஒரு கிராம் பாக்கெட்டில் கால்வாசிதான்! முழங்கை மடிப்பில் தோல் மெல்லிசு, சட்டைக்குள் மறைந்தும் இருக்கும். ஒரே இடத்தில் பூச வேண்டும், கழுவிவிடக் கூடாது. அரிப்போ தடிப்போ வந்தால் அன்றோடு நிறுத்த வேண்டும். ஏழு நாளும் சும்மா இருந்தால், ஏற்கெனவே உடம்பு கற்றுவைத்த அலர்ஜி எதுவும் அந்தக் கிரீமுக்கு இல்லை என்று ஓரளவு நம்பலாம். புதிதாகக் கற்றுக்கொள்ளாது என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரே வாசனைப் பொருள்கள் சோப்பிலும் பவுடரிலும் கிரீமிலும் மாறி மாறி வருவதால், பலரின் உடம்பு எங்கேயோ எப்போதோ கற்றுவைத்திருக்கும். இந்தச் சோதனை பிடிப்பது அதைத்தான்.

கிழித்த பாக்கெட்டின் வாயை மடித்து கிளிப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். விரலை விடாமல் சுத்தமான பட்ஸால் எடுங்கள். பாக்கெட்டின் உள்ளே இருக்கும் அலுமினியப் படலம் காற்றையும் வெளிச்சத்தையும் தடுத்துக்கொண்டிருந்தது. கிழித்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வைட்டமின் சி சீரம் பழுப்பாவது ஆக்சிஜனால்தான். லிமோனீன் போன்றவை காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் முன்பைவிட அதிகமாக அலர்ஜி தரும். அதனால் டிராயரில் பல மாதமாகத் திறந்து கிடந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவது நல்லது. அப்புறம், ஃபேஸ்வாஷையும் ஷாம்புவையும் இப்படிப் பூசி விடாதீர்கள். கழுவுவதற்காகச் செய்த பொருள் கையிலேயே இருந்தால் யாருக்கும் எரியும்.

அந்தக் கிரீம் பலன் தருமா என்பதை எந்தப் பாக்கெட்டும் சொல்லாது. மேல்தோல் அடியிலிருந்து புதுப்பித்து மேலே வர நாலு வாரமாவது ஆகும், வயது ஏற ஏற இன்னும் நீளும். நியாசினமைடு கரும்புள்ளியைக் குறைக்கிறதா என்று தெரிய இரண்டு மாதம் வேண்டும். முதல் நாளே "வழவழன்னு இருக்கு" என்று தோன்றுவது பொய்யில்லை, ஆனால் அது சிலிக்கோன் செய்யும் வேலை. டைமெத்திக்கோன் என்ற சிலிக்கோன் சின்னப் பள்ளங்களில் நிரம்பிச் சமமாக்கும், கிளிசரின் தண்ணீரைப் பிடித்து இறந்த செல்களை உப்ப வைக்கும், மைக்காத் தூள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். முகம் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். பெங்களூர் மார்ச் மாத மதியம் போலக் காற்று வறண்டு கிடக்கும்போது கிளிசரின் மட்டும் இருந்தால் போதாது, மேலே ஈரம் போகாமல் மூடும் எண்ணெயோ வாசலினோ வேண்டும்.

மேக்கப்பில் சேம்பிளின் பயன் வேறு. அங்கே நிறம்தான் கேள்வி. மாலில் கவுன்ட்டர் பெண் முதலில் கன்னடத்தில் பேசி, நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும், "அக்கா, கையைக் குடுங்க" என்று மணிக்கட்டில் ஃபவுண்டேஷனைக் கோடு போட்டாள். மணிக்கட்டின் உள்பக்கம் வெயில் படாத இடம், முகத்தைவிட ஒன்றிரண்டு நிறம் வெளுப்பு. தாடை ஓரத்தில் போட்டுப் பார்ப்பதுதான் சரி. ஃபவுண்டேஷன் நிறம் என்பது மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்தது. பூசியதும் அதில் உள்ள தண்ணீரும் ஆவியாகும் சிலிக்கோனும் பறந்துபோகும், முகத்து எண்ணெய் அந்தத் துகள்களை நனைக்கும், நிறம் ஒரு படி கருக்கும். அரை மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையின் விளக்கில் பொருந்திய இரண்டு நிறங்கள் வெயிலில் பிரிந்து தெரிவது சகஜம். ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறதோ, அதற்குத் தகுந்தபடி நிறம் மாறித் தெரியும்.

எல்லோரும் தொடும் டெஸ்டர் லிப்ஸ்டிக்கை மட்டும் உதட்டில் வைக்காதீர்கள். 2019-இல் பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில், ஆட்கள் வீட்டில் பயன்படுத்திய மேக்கப் பொருள்களைச் சோதித்தபோதே பத்தில் எட்டு ஒன்பதில் பாக்டீரியா இருந்தது. விரல் நுனியில் தடவி நிறம் பார்த்தால் போதும், அங்கே தோல் உதட்டின் நிறத்துக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வரும்.

போன மாதம் தங்கைக்கு ஒரு சன்ஸ்கிரீன் பாக்கெட் வந்தது. முன்பக்கம் வாசனையற்றது என்று போட்டிருந்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஃபோனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தாள். பிறகு இடது முழங்கை மடிப்பில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் அதற்குள் மட்டும் பூசினாள். குளித்தால் அழிகிற வட்டத்தைத் தினமும் மறுபடி வரைந்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் சமையலறைக்கு வந்து கையை நீட்டினாள். வட்டத்துக்குள் கடுகு அளவில் மூன்று சிவப்புப் புள்ளிகள், சொறிந்த தடம். அன்றைக்கே நிறுத்தினாள். படம் எடுத்து, பின்பக்கத்து எழுத்தோடு சேர்த்து டாக்டருக்கு அனுப்பினாள். முகத்தில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை. பாக்கெட்டில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது.