மூன்றாம் படத்தின் விதை எங்கே இருக்கிறது?

மன்னார்குடிப் பக்கம் ஒரு நூலகத்தில் பேசி முடித்ததும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், பேட்மேன் மூணு படத்தையும் மொதல்லயே யோசிச்சு வச்சிருப்பாங்களா? மூணாவதப் பாத்தா அப்படித்தான் தெரியுது."

இல்லை. 2005, 2008, 2012 என ஏழு வருடத்தில் வந்த அந்த மூன்றையும் இயக்கிய கிறிஸ்டோபர் நோலன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் அடுத்து என்ன என்று கொஞ்சம் பேசிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்களாம். தெரிந்ததை எல்லாம் கையில் இருக்கும் படத்திலேயே போட்டுவிடுங்கள் என்று உடன் எழுதியவர்களிடம் சொன்னாராம். முதல் படத்தின் கடைசியில் ஒரு ஜோக்கர் சீட்டு வரும். இரண்டாம் படம் அதிலிருந்து வளர்ந்தது. அதில் ஜோக்கர் என்ற வில்லனாக நடித்த ஹீத் லெட்ஜர், படம் வெளிவரும் முன்பே, 2008 ஜனவரியில் இறந்துபோனார். மூன்றாம் படத்தில் ஜோக்கர் பேச்சே கிடையாது. கதை முதல் படத்தின் பழைய பகைக் கூட்டத்திடம் திரும்பிப் போனது.

டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில் அது முளைக்கும். முளைக்காவிட்டால் நெல்லுக்கு நஷ்டமில்லை, போனது விதை மட்டும்தான். அந்த ஜோக்கர் சீட்டும் அப்படித்தான். அடுத்த படம் வராமலே போயிருந்தாலும் முதல் படம் முழுசாகவே நின்றிருக்கும்.

எல்லா விதையும் முன்பே தெளித்தது அல்ல. சாம் ரைமியின் மூன்றாம் ஸ்பைடர்மேன் படம் (2007), நாயகனின் பெரியப்பாவைச் சுட்டவனாக முதல் படம் காட்டியவனை விட்டுவிட்டு, சுட்டது வேறொருவன் என்று மாற்றியது. எனக்கு அது ஒட்டவே இல்லை. அதே மூன்று ஸ்பைடர்மேன் படங்களில் நாயகனின் நண்பன் ஹாரியின் வஞ்சம் 2002-இலேயே வேர்விட்டது. அது கடைசிவரை இயல்பாக வளர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பேட்மேனின் கிணறு. முதல் படத்தில், பின்னாளில் பேட்மேனாகும் சிறுவன் புரூஸ் பாழுங்கிணற்றில் விழுவான். அப்பா கயிற்றில் இறங்கித் தூக்குவார். மூன்றாம் படத்தில் வளர்ந்த புரூஸ் பாதாளச் சிறையில் கிடப்பான். மேலே வட்டமாக வானம். கயிறு கட்டி ஏறினால் விழுகிறான். கயிற்றை விட்டுவிட்டு ஏறும்போதுதான் கரை சேர்கிறான். அதைப் பார்த்த நொடியில் பழைய கிணறு நமக்குள் எழுகிறது. "அப்பவே இதுக்குத்தான் வச்சிருக்காங்க!" என்று தோன்றுகிறது.

அந்தத் தோற்றம் எங்கிருந்து வருகிறது? 1975-இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு பத்தி. முடிவுகள் நான்கு சாத்தியம்: இவர் ஜெயித்தார், அவர் ஜெயித்தார், இழுபறி, சமாதானத்தோடு முடிந்த இழுபறி. ஒரு குழுவுக்கு முடிவே சொல்லவில்லை. மற்ற குழுக்களுக்கு ஆளுக்கொரு முடிவை, அதுதான் நடந்தது என்று சொன்னார். அப்புறம், முடிவு தெரியாதவராக நினைத்துக்கொண்டு, எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ அதற்கே கூடுதல் வாய்ப்புக் கொடுத்தார்கள். படித்தது எல்லோரும் அதே பத்திதான்! முடிவு தெரிந்ததும், அதற்குப் பொருந்தும் வரிகள் மனதில் கனத்துவிட்டன, பொருந்தாதவை மங்கிவிட்டன.

கிணறும் அப்படிக் கனத்ததுதான். இயக்குநர் திரும்பிப் போய் முதல் படத்தில் ஒரு காட்சியைப் பொறுக்கி எடுத்தால் போதும், மீதித் தையலை நம் நினைவு போட்டுவிடுகிறது. பலிக்காமல் போன நூறு குறிப்புகள் நமக்கு ஞாபகம் வருவதில்லை. ஜோசியர் சொன்னது அப்படியே நடந்தது என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர்கள் மனமும் இதே வேலையைத்தான் செய்கிறது. இதைச் சோதிக்கக் காகிதமும் பென்சிலும் போதும். நம் ஊர்க் கல்லூரிகளில் இப்படிப்பட்ட சின்ன ஆய்வுகளுக்குச் சில ஆயிரம் ரூபாயாவது ஒதுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அந்தப் பெண்ணிடம் ஒன்று சொல்லி வந்தேன். அடுத்து எந்தத் தொடரின் மூன்றாம் படம் வந்தாலும், தியேட்டருக்குப் போகும் முன் எதிரி யார், சாவது யார், எந்தப் பழைய காட்சி திரும்பும் என்று தேதி போட்டு எழுதி, மடித்து அம்மாவிடம் கொடுத்துவிடு. படம் பார்த்துவிட்டு வந்து, அந்தத் தாளைப் பிரிக்கும் முன், என்ன எழுதினோம் என்று ஞாபகத்திலிருந்து இன்னொரு தாளில் எழுது. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.