நான்காவது வாரத்தில் கடித்த முறுக்கு

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அவர். கீழ்க் கடைவாயில் ஒரு பல்லுக்கு இம்ப்ளான்ட், அதாவது பல்வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு, வைத்திருந்தேன். நான்காவது வாரம் முடிவதற்குள் வந்து நின்றார். "வலியே இல்லையே டாக்டர், கெட்டியாப் பிடிச்சிருச்சுன்னு நினைச்சு பத்து நாளா அந்தப் பக்கமும் மெல்லுறேன். நேத்து முறுக்கு கடிச்சேன், இப்போ ஆடுது" என்றார். விரலால் திருப்பியதுமே திருகு சுழன்றது. கழற்றிப் பார்த்தால் மரைகளின் மேல் எலும்பு இல்லை, மெல்லிய சதைதான் ஒட்டியிருந்தது.

சீக்கிரம் பிடிக்கும் என்று சொல்லித்தான் சொரசொரப்பான மேற்பரப்புள்ள, விலை கூடிய ரகத்தை அவருக்குப் போட்டேன். அந்தச் "சீக்கிரம்" எதைக் குறிக்கிறது என்று நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டைட்டானியத்தை எலும்பு தனதாக ஏற்றுக்கொள்ளும் என்பதை ஸ்வீடனின் மருத்துவ ஆராய்ச்சியாளர் பிரோனமார்க் 1952இல் முயல் எலும்பில் கவனித்தார். 1965இல் முதல் மனிதருக்கு வைத்தார். அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அவை வேலை செய்தன. அன்றைய திருகுகள் லேத்தில் கடைந்தபடியே, ஏறக்குறைய வழவழப்பாக இருந்தவை. வழவழப்பானதும் பிடிக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும். கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் ஈறுக்கடியில் புதைத்து வைப்பார்கள்.

பிறகு சொரசொரப்பாக்கினார்கள். முதலில் உலோகத்தின் மேல் பொருளை ஏற்றிப் பார்த்தார்கள். எலும்பில் உள்ள தாதுவை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டை அதிக வெப்பத்தில் பூச்சாகத் தெளித்தார்கள். ஆரம்பத்தில் எலும்பு வேகமாக வந்தது. ஆனால் வாய்க்குள் சில பூச்சுகள் கரைந்தன, சில உலோகத்தை விட்டு உரிந்தன, உரிந்த இடத்தில் கிருமி குடியேறியது. இடுப்பு மூட்டில் இதே பூச்சு இன்றும் நன்றாகப் பயன்படுகிறது. அந்த இடம் உடலுக்குள் மூடியிருக்கிறது. வாயோ திறந்த இடம், எப்போதும் கிருமி உள்ள இடம். "பூச்சு போட்டதா டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இன்று நாங்கள் பெரும்பாலும் வைப்பது மேலே எதையும் ஏற்றாமல், பரப்பையே செதுக்கியது. கடினமான மணல் போன்ற துகள்களை வேகமாக அடித்துப் பள்ளமாக்கி, பிறகு அமிலத்தில் நனைத்து அந்தப் பள்ளங்களுக்குள் இன்னும் நுண்ணிய குழிகளை உண்டாக்குவார்கள். சராசரி மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரான். தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் அளவு புரியும். இதற்குக் குறைந்தால் பிடிப்பு மெதுவாகும். கூடினால் எலும்புக்குப் பெரிய லாபம் இல்லை, கிருமிக்குத்தான் லாபம்.

இந்தக் குழிகள் செய்யும் வேலை எனக்கு இன்றும் வியப்பு. துளையில் திருகு இறங்கியதும் முதலில் அதைத் தொடுவது ரத்தம். ரத்தம் உறைந்து நூல் நூலாக ஒரு வலை உருவாகிறது. எலும்பு உண்டாக்கும் செல்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே திருகை நோக்கி நகர்ந்து வருகின்றன. வரும்போது நூலை இழுக்கவும் செய்கின்றன. வழவழப்பான பரப்பில் நூல் கழன்றுவிடும், செல்கள் வந்து சேராது. அப்போது துளையின் சுவரிலிருந்துதான் எலும்பு மெல்ல வளர்ந்து வர வேண்டும். குழியுள்ள பரப்பில் நூல் சிக்கிக்கொள்கிறது. செல்கள் திருகின் மேலேயே வந்து உட்கார்ந்து அங்கிருந்தே எலும்பு போட ஆரம்பிக்கின்றன. உப்புநீரில் அடைத்து வரும் ரகங்களில் இன்னொரு உதவியும் உண்டு. காற்றுப்பட்டு வைத்திருந்த டைட்டானியத்தின் மேல் கார்பன் சேர்மங்கள் படிந்து தண்ணீர் ஒட்டாமல் போகும். திரவத்திலேயே இருந்ததில் ரத்தம் உடனே பரவும்.

சரி, அப்படியானால் ஓட்டுநருக்கு ஏன் ஆடியது?

வைத்த அன்று திருகு நிற்பது பழைய எலும்பின் இறுக்கத்தால், மரத்தில் ஸ்க்ரூ நிற்பதுபோல. ஆனால் துளையிட்ட எலும்பை உடல் அப்படியே விடாது. காயப்பட்ட பகுதியை அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். அதனால் பழைய பிடி குறைந்துகொண்டே வர, புதிய பிடி ஏறிக்கொண்டே வரும். இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக இருப்பது சுமார் 3, 4 வாரத்தில். நல்ல மேற்பரப்பு பிடிப்பில் வரும் இந்தப் பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்கும், சீக்கிரம் தாண்டவும் உதவும். பள்ளமே இல்லாமல் செய்யாது. அந்த நாட்களில் திருகு ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரானுக்கு மேல் திரும்பத் திரும்ப அசைந்தால், செல்கள் எலும்புக்குப் பதிலாகச் சதையைக் கட்டிவிடும். வலிக்கவும் வலிக்காது. அந்த நாட்களில்தான் இவர் மென்றிருக்கிறார்.

புகைப்பவருக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் இந்தக் கட்டுமானமே மந்தமாகும். அவர்களிடம் விலை கூடிய மேற்பரப்பை வாங்கச் சொல்வதற்கு முன் சிகரெட்டை நிறுத்தச் சொல்கிறேன், மூன்று மாத சராசரி சர்க்கரை டெஸ்ட் எடுத்துவரச் சொல்கிறேன்.

சொரசொரப்புக்கு ஒரு விலையும் இருக்கிறது. அது எலும்புக்குள் மூடியிருக்கும்வரைதான் நமக்கு நண்பன். பல வருடம் கழித்து ஈறு வீங்கி, எலும்பு இறங்கி, அந்தப் பரப்பு வெளியே தெரிய ஆரம்பித்தால் ஒவ்வொரு குழியிலும் அழுக்கு தங்கும். சுத்தம் செய்வது எங்களுக்கே பெரும்பாடு. சொந்தப் பல் போலவே பிரஷ் செய்வதோடு, இடுக்குகளுக்கான சின்ன பிரஷையும் தினமும் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால், ஈறில் ரத்தம் கசியும் கட்டத்திலேயே பிடித்துவிடலாம்.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டிக்குள்ளும் நிறுவனம், மாடல், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில், திருகின் மேல் வைக்கும் பல்லை (கேப்) இணைக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்தால், எந்தச் சாவி பொருந்தும் என்று அந்த டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்காது.

ஓட்டுநருக்கு எலும்பு ஆறக் காத்திருந்து, மறுபடி வைத்தோம், அதே ரகம்தான். இந்த முறை எட்டு வாரம் அந்தப் பக்கம் மெல்லவில்லை. கேப் போட வந்த அன்று அவர் சட்டைப்பையில் அந்த ஸ்டிக்கர் இருந்தது.