நுண்ணுணர்வாளர்: தொட்டாற்சுருங்கி என்று திட்டுவதற்கு முன்

மேலாளர் குரலை உயர்த்தியதும் முகம் வாடுகிறவரை, தீபாவளிக் கூட்டத்தில் தலைவலி வந்து ஓரமாக உட்கார்ந்துவிடுகிறவரை, சேர்ந்த வேலையை மூன்றே மாதத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிற்கிறவரை எங்கள் மதுரைப் பக்கம் 'தொட்டாற்சுருங்கி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இவர்களில் பலரை உளவியல் 'ஹைலி சென்சிட்டிவ் பர்சன்' என்கிறது. அதற்குத் தமிழில் என்ன சொல்வது?

முதலில் பிறப்பு. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1996-இல் இதே தலைப்பில் வெளியிட்ட நூல்தான் இந்தத் தொடரைப் பரப்பியது. மறு ஆண்டு அவரும் கணவர் ஆர்தர் ஆரனும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இப்பண்பை அளக்க 27 கேள்விகள் கொண்ட அளவுகோலைத் தந்தது. பெருஞ்சத்தமும் கூசும் வெளிச்சமும் உங்களை வாட்டுமா, குறைந்த நேரத்தில் நிறைய வேலை குவிந்தால் தடுமாறுவீர்களா, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்தால் தெரிந்த வேலைகூடப் பிசகுமா என்ற ரீதியில் அவை போகும். நூற்றில் 15 முதல் 20 பேர் இப்படிப்பட்டவர்கள் என்பது ஆரனின் மதிப்பு. பின்னால் வந்த ஆய்வுகள் சில 30 வரை சொல்கின்றன. இது நோயின் பெயர் கிடையாது. கூச்ச சுபாவமும் இதுவும் வேறு. கலகலப்பாகப் பேசிப் பழகுகிறவர்களிலும் இவர்கள் உண்டு.

'சென்சிட்டிவ்' என்ற சொல்லுக்கு உணர்தலைக் குறிக்கும் லத்தீன் வினைதான் வேர். ஆங்கில வழக்கில் அது இரண்டு பொருளைச் சுமக்கிறது: எளிதில் புண்படுவது ஒன்று, மற்றவர் தவறவிடுவதைப் பிடித்துவிடுவது இன்னொன்று. மருந்துக்கடைத் தராசைச் சொல்லும்போது இரண்டாவது பொருள் பாராட்டு. தமிழுக்குக் கொண்டுவந்தபோது நாம் முதலாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

அதனால்தான் 'உணர்ச்சிவசப்படுபவர்' என்று எழுதுகிறார்கள். அது தவறு. உணர்ச்சி வேறு, உணர்வு வேறு. கோபமும் அழுகையும் உணர்ச்சி. புலன்வழி வருவதை அறிவது உணர்வு. 'மிகை உணர்திறன் உடையவர்' என்ற இன்னொரு மொழிபெயர்ப்பில் ஒவ்வாமைக்கு மாத்திரை எழுதித் தரும் வாசனை அடிக்கிறது. மிகை என்றாலே குறைக்க வேண்டியது என்றாகிவிடும். தொட்டாற்சுருங்கியைப் பொறுத்தவரை, அந்தச் செடியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் வரப்புகளில் குடியேறியது. அதை வைத்துத் திட்டுவதை மட்டும் நாமாகச் செய்துகொண்டோம்.

என் தேர்வு 'நுண்ணுணர்வு'. நுண்மையும் உணர்வும் சேர்ந்த பண்புத்தொகை. ஆளைச் சொல்ல நுண்ணுணர்வாளர். இது புதிதாக அடித்த நாணயம் இல்லை. 'நுண்ணுணர் வின்மை வறுமை' என்றே தொடங்குகிறது நாலடியாரின் 251-ஆம் பாட்டு. அஃது உடைமை பெருஞ்செல்வம் என்று அடுத்த மூச்சிலேயே சொல்கிறது. பாண்டியனிடம் சொல்லாமல் இரவோடு இரவாக மதுரையை விட்டுப் போன சமண முனிவர்கள் ஆளுக்கொரு பாட்டை எழுதி வைத்ததாகவும், மன்னன் ஏடுகளை வையையில் வீசச் சொன்னபோது எதிர்நீச்சல் போட்டவையே நாலடியார் ஆனதாகவும் கதை. மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகிறவர்களுக்கு இதை யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார்.

அந்தப் பாட்டு இருப்பது 'அறிவின்மை' அதிகாரத்தில். அங்கே நுண்ணுணர்வு என்றால் நுட்பமான அறிவு, சத்தம் தாங்காமை கிடையாது என்று புலவர்கள் மடக்கலாம். சரிதான். ஆனால் ஆரன் இப்பண்புக்குச் சொல்லும் முதல் அடையாளமே, கிடைத்த செய்தியை ஆழமாக அசைபோடுவது. மனம் அவ்வளவையும் அலசுவதால்தான் அது சீக்கிரம் களைத்துப்போகிறது என்பது அவருடைய விளக்கம். பழைய பொருள் இங்கே இடைஞ்சலாக இல்லை, கைகொடுக்கிறது.

சொல் மாறினால் வேலை பற்றிய அறிவுரையும் மாறும். தொட்டாற்சுருங்கிக்கு 'தோலைத் தடிமனாக்கிக்கொள்' என்பார்கள். நுண்ணுணர்வாளருக்கு எந்த இடம், எவ்வளவு சத்தம், யார் மேற்பார்வை என்று கேட்கத் தோன்றும்.

என் சித்தி மகள் மாசி வீதிப் பக்கம் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். வாசலில் ஒலிபெருக்கி, தலைக்குமேல் வரிசையாக டியூப்லைட், முதுகுக்குப் பின்னால் எண்ணிக்கொண்டே இருக்கும் மேற்பார்வையாளர். மடித்ததையே மறுபடி மடிப்பாள். பிறகு ஒரு சின்னக் கடையில் மேட்சிங் பிளவுஸ் துணிப் பிரிவுக்கு மாறினாள். சேலை முந்தானையைக் கையில் வாங்கியதும் விளக்கடியில் பார்க்கமாட்டாள். வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்துவிடுவாள். உள்ளே எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தது அங்கே மாம்பழ மஞ்சளாக இருக்கும். கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் நடுவே அவள் கண்ணுக்கு நாலைந்து பச்சை தெரிகிறது. அதே துணி வியாபாரம், அதே சம்பளக் கணக்குதான்.

இவர்களுக்கு ஏற்ற தொழில் என்று கட்டுரைகள் வழக்கமாக அடுக்குபவை: ஓவியர், எழுத்தாளர், மனநல ஆலோசகர். கல்விக் கடன் தவணை கட்டும் வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்! மேலும், அடுத்தவர் துயரத்தை நாள் முழுக்கக் கேட்பது நுண்ணுணர்வாளரையே முதலில் உருக்கும். சத்தமே இல்லாத வேலை என்று தேடிப் போய், யோசிக்க ஒன்றுமில்லாமல் சலித்துத் திரும்புவதும் நடக்கிறது. தொழிலின் பெயரைவிட அது நடக்கும் சூழலைப் பார்க்கச் சொல்வேன். மோசமான சூழல் இவர்களை அதிகம் பாதிப்பதைப் போலவே நல்ல சூழல் இவர்களுக்கு அதிகம் பலன் தருகிறது என்பதை மைக்கேல் புளூஸ் போன்ற ஆய்வாளர்கள் வலியுறுத்துகிறார்கள். இங்கிலாந்துப் பள்ளி மாணவியரிடம் மனச்சோர்வைத் தடுக்க நடத்திய ஒரு பயிற்சி, நுண்ணுணர்வு மிகுந்த சிறுமியருக்கே பயன்பட்டதாக அவர் பங்கேற்ற 2015-ஆம் ஆண்டு ஆய்வு கண்டது.

முதலாளியிடம் போய் 'நான் நுண்ணுணர்வாளர்' என்று அறிவிக்க வேண்டாம். அவர் பழைய சொல்லுக்கே போய்விடுவார். வேண்டியதை மட்டும் கேளுங்கள். ஒலிபெருக்கிக்கு எட்டாத பிரிவு, சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் தனியாக இருக்க ஓர் இடம், வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் முடிந்தபின் சரிபார்க்கும் மேற்பார்வை. உட்கார நாற்காலி கேட்கத் தயங்கவே வேண்டாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தியாயிற்று.