வெண்காரம் தின்ற பன்னிரண்டு பேரும் 1906 உணவுச் சட்டமும்

தியடோர் ரூஸ்வெல்ட் 1901 செப்டம்பரில் அமெரிக்க அதிபரானபோது, பால் புளிக்காமலிருக்க ஃபார்மால்டிஹைடும் இறைச்சியும் வெண்ணெயும் கெடாமலிருக்க வெண்காரமும் (போராக்ஸ்) அங்கே தாராளமாகப் புழங்கின. நாடு முழுவதற்குமான தடுப்புச் சட்டம் எதுவும் இல்லை.

ஃபார்மால்டிஹைடு பாக்டீரியாவின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து முடக்கிவிடுகிறது. பிணத்தைப் பதப்படுத்த உதவுவதும் இதே வினைதான். பால் பழசாகிவிட்டது என்று நாக்குக்குச் சொல்வது புளிப்பு. அந்த எச்சரிக்கையே இதனால் காணாமல் போகிறது. வெண்காரத்தில் இன்னொரு வசதி உண்டு. அது காரத்தன்மை கொண்டது என்பதால் கிருமிகளை மட்டுப்படுத்துவதோடு, ஏற்கெனவே ஏறிவிட்ட புளிப்பையும் தணித்துவிடும்.

கலப்படத்தைக் கண்டுபிடிக்க அன்றைய வேதியியலாளர்கள் கையாண்ட முறைகளில் ஒன்று மஞ்சள் தாள் சோதனை. இறைச்சி மாதிரியோடு சுண்ணாம்பு நீர் சேர்த்து உலர்த்திச் சாம்பலாக்குவார்கள். சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, மஞ்சள் சாறு ஏற்றிய தாளை அதில் நனைத்துக் காயவைப்பார்கள். வெண்காரத்தில் அடங்கிய போரான் என்ற தனிமம் இருந்தால் தாள் செக்கச் சிவக்கும். மேலே ஒரு சொட்டு அம்மோனியா விட்டால் கரும்பச்சையாகும். அமிலம் போதாமல் போனால் சோதனை கெட்டது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதுபோல, வெறும் காரமே தாளைச் சிவக்க வைத்துவிடும். பாலுக்கு வேறு முறை. சோதனைக் குழாயில் பாலோடு சம அளவு தண்ணீர் கலந்து, துளி இரும்புக் குளோரைடு சேர்த்த அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் ஓரமாக மெல்ல இறக்கினால், ஃபார்மால்டிஹைடு உள்ள பாலில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் தோன்றும். இரும்பு இல்லாத தூய அமிலத்தில் அந்த வளையம் வராது.

கலப்பு இருப்பதைக் காட்டலாம். அது உடம்புக்குக் கெடுதல் என்று எப்படிக் காட்டுவது? வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி 1902-இல் நாடாளுமன்றத்திடம் 5,000 டாலர் பெற்று, வாஷிங்டனில் தன் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சாப்பாட்டுக் கூடம் திறந்தார். பன்னிரண்டு இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். முதலில் கலப்பில்லாத உணவு, பிறகு வெண்காரம் சேர்த்த உணவு, பிறகு மீண்டும் கலப்பில்லாத உணவு. எடை, நாடி, உடல் வெப்பம் எல்லாம் பதிவாயின. சிறுநீரும் மலமும் சேகரிக்கப்பட்டன. வெண்காரத்தை வெண்ணெயில் ஒளித்து வைத்தால், அவர்கள் மெல்ல வெண்ணெயைத் தொடாமல் விட்டார்கள். பாலிலும் இறைச்சியிலும் மாற்றிப் பார்த்தும் இதே கதை. கடைசியில் கேப்ஸ்யூலில் அடைத்து வெளிப்படையாகவே கொடுக்க வேண்டியதாயிற்று. அளவு ஏற ஏறப் பசி மந்தித்தது. தலைவலியும் வயிற்று உபாதையும் வந்தன.

இன்றைய கண்ணுக்கு இந்த ஆய்வில் ஓட்டைகள் தெரியும். தான் வெண்காரம் விழுங்குவது தெரிந்தவனுக்குத் தலை வலிப்பதில் எவ்வளவு வெண்காரம், எவ்வளவு பயம்? வேதிப்பொருள் இல்லாத கேப்ஸ்யூலை விழுங்கும் ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. ஆனால் பத்திரிகைகள் இவர்களுக்கு ‘நஞ்சுப் படை’ என்று பெயர் வைத்துவிட்டன. ஆய்வறிக்கைகள் செய்யாததை அந்தப் பெயர் செய்தது.

ரூஸ்வெல்ட்டுக்கு இதில் சொந்தக் கோபமும் இருந்தது. 1898-இல் கியூபாவில் போரிட்டபோது படைக்கு வந்த டின் இறைச்சியின் லட்சணத்தை அவர் கண்டவர். 1905 டிசம்பரில் உணவுச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அடுத்த ஆண்டு சிகாகோ இறைச்சிக் கூடங்களைப் பற்றிய நாவல் ஒன்று நாட்டைக் குமட்ட வைத்ததும், சார்லஸ் நீல், ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவரை அங்கே அனுப்பினார். அவர்களின் அறிக்கையை உடனே வெளியிடாமல் கையில் வைத்துக்கொண்டே பேரம் பேசினார். இறைச்சி ஆய்வுச் சட்டம், உணவு மருந்துச் சட்டம் இரண்டிலும் 1906 ஜூன் 30 அன்று கையெழுத்திட்டார். டின்னில் தேதி போட வேண்டும், ஆய்வுச் செலவை இறைச்சி நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்ற இரண்டையும் பேரத்தில் இழந்தார்.

உணவு மருந்துச் சட்டத்தின் பலம் லேபிளில் இருந்தது. ஆல்கஹால், அபின், மார்ஃபின், கோகெய்ன், ஹெராயின் உள்ளிட்ட 11 பொருள்களில் எது மருந்தில் இருந்தாலும் அதன் அளவை அச்சிட வேண்டும். இருப்பதைச் சொல்லிவிட்டால் விற்கத் தடையில்லை. உணவில் சேர்த்த பொருள் கெடுதல் என்று வழக்கில் நிரூபிக்கும் சுமையோ அரசின் தலையில். எவ்வளவு சேர்த்தால் கெடுதல் என்ற வரம்பு எதையும் சட்டம் சொல்லவில்லை.

அந்த இடத்தில்தான் வைலியும் ரூஸ்வெல்ட்டும் மோதினார்கள். அதிபர் சர்க்கரைக்குப் பதிலாகச் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பைத் தினமும் சாப்பிடுபவர். அதைக் கெடுதல் என்று வைலி அவர் முகத்துக்கு நேரே சொன்னார். எது கெடுதல் என்று தீர்ப்புச் சொல்ல 1908-இல் ரூஸ்வெல்ட் ஒரு நிபுணர் குழு அமைத்தார். தலைவர் ஐரா ரெம்சன். சாக்கரின் பிறந்ததே அவருடைய ஆய்வகத்தில்தான்! உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சோயேட் என்ற உப்பு சிறிய அளவில் கெடுதலில்லை என்று குழு சொன்னது. அந்த விஷயத்தில் குழு சொன்னதே சரி என்பது என் கருத்து: இன்றும் பழ ஸ்குவாஷ் பாட்டில்களில் 211 என்ற எண்ணோடு இருப்பது சோடியம் பென்சோயேட்தான். வெண்காரத்தில் வைலி சொன்னது நின்றது.

சட்டத்தின் பெரிய ஓட்டை 1937-இல் உயிர்களைக் குடித்தது. சல்ஃபானிலமைடு என்ற கிருமி எதிர்ப்பு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து ‘எலிக்சிர்’ என்ற பெயரில் விற்றார்கள். நூறுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். விற்பதற்கு முன் மருந்தைச் சோதிக்க வேண்டும் என்று 1906 சட்டம் கேட்கவில்லை. எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்ற லேபிள் குற்றத்தை வைத்துத்தான் பாட்டில்களைப் பறிமுதல் செய்ய முடிந்தது. முன்கூட்டியே பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற விதி 1938-இல் வந்தது. அதில் கையெழுத்திட்டவர் இன்னொரு ரூஸ்வெல்ட்.