கசங்கிய காகிதம் போல ஒரு செல்

நோயியல் மருத்துவராக என் நாள் பெரும்பாலும் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால்தான் கழிகிறது. நோயாளிகளின் முகத்தை அனேகமாகப் பார்ப்பதில்லை, அவர்களுடைய செல்களைத்தான் பார்க்கிறேன். இத்தனை வருடப் பழக்கத்தில், ஒரு செல்லின் உள்ளே இருப்பதைப் பார்த்தாலே அது என்ன வேலைக்கு வந்த செல் என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது.

பிளாஸ்மா செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் தயாரித்து அனுப்பும் செல் அது. எலும்பு மஜ்ஜை ஸ்லைடில் அதன் உட்கரு ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கும், மற்ற இடமெல்லாம் அடர்நீலமாகத் தெரியும். புரதம் கட்டும் ரைபோசோம்களில் இருக்கும் ஆர்.என்.ஏ. சாயத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் நீலம் அது. அந்த ரைபோசோம்கள் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வின் மேல் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. வலை தட்டுத் தட்டாக மடிந்திருப்பதால், சின்ன இடத்துக்குள் பெரிய பரப்பு கிடைக்கிறது. உட்கருவுக்குப் பக்கத்தில் மட்டும் வெளிறிய ஒரு திட்டு. அங்கே இருப்பது கோல்கி உறுப்பு. செய்த புரதத்தைத் திருத்திப் பொதிந்து வெளியே அனுப்பும் இடம். அதில் ரைபோசோம் இல்லை, அதனால் நீலமும் இல்லை.

இதற்கு நேர்மாறு சிவப்பணு. முதிரும்போது உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது. கிடைத்த இடம் முழுக்க ஹீமோகுளோபினுக்கு. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமந்து செல்லும் ஆக்சிஜனைத் தானே செலவழிப்பதும் இல்லை. ஆனால் பழுதானதைச் சரிசெய்யப் புதுப் புரதம் செய்ய முடியாதே! அதனால் சுமார் 120 நாள்தான் ஆயுள். அப்புறம் மண்ணீரலிலும் கல்லீரலிலும் மஜ்ஜையிலும் காத்திருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் அதை விழுங்கிவிடுகின்றன.

விழுங்கியது எங்கே போகிறது? லைசோசோமுக்கு. 1955-இல் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியான் டி டூவ் பெயர் வைத்த அந்தச் சின்னப் பையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. செல்லின் கழிவையும் பழைய பாகங்களையும் உடைக்கும் நொதிகள் அதற்குள் இருக்கின்றன. அவை வெளியே கசிந்தால் செல்லையே அரித்துவிடலாம். அதற்குத் தகுந்த மாதிரிதான் அமைப்பும். ஒற்றைச் சவ்வு, அதன் உட்புறத்தில் சர்க்கரைப் பூச்சு. புரோட்டான்களை ஓயாமல் உள்ளே தள்ளும் பம்பு ஒன்றும் உண்டு. அதனால் உள்ளே அமிலத்தைக் காட்டும் பி.ஹெச். அளவு 4.5 முதல் 5 வரை இருக்கும், வெளியே சுமார் 7.2 (எண் குறைந்தால் அமிலம் அதிகம்). உள்ளே இருக்கும் நொதிகள் அந்த அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். கொஞ்சம் கசிந்தாலும் வெளியே வந்ததும் வீரியம் குறைந்துவிடும். எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஏழு வயதுப் பையனின் மஜ்ஜை மாதிரி என்னிடம் வந்தது. கூட வந்த சீட்டில் 'ரத்தசோகை' என்று மட்டும் எழுதியிருந்தது. ஸ்லைடில் பெரிய பெரிய மேக்ரோபேஜ்கள். உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்க, மற்ற இடமெல்லாம் மெல்லிய காகிதத்தைக் கசக்கிப் பிரித்த மாதிரி கோடு கோடாக இருந்தது. உடனே போன் செய்து, "மண்ணீரல் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். தொப்புள் வரை இருந்ததாம். இரண்டு வருடமாக இரும்புச்சத்து டானிக் கொடுத்திருக்கிறார்கள். வயிறு பெருத்ததற்குப் பூச்சி மருந்தும் கொடுத்திருக்கிறார்கள்.

அது கோஷே (Gaucher) நோய். 1882-இல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவர் முதலில் விவரித்தது. செல் சவ்வுகளில் இருந்து வரும் ஒரு கொழுப்பை உடைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும். 1965-இல் அமெரிக்க மருத்துவர் ராஸ்கோ பிரேடியின் குழு இந்தக் குறையைக் கண்டுபிடித்தது. லைசோசோம் இருக்கிறது, பையும் பம்பும் சரியாகவே இருக்கின்றன. ஒரே ஒரு நொதிதான் போதவில்லை. தினமும் விழுங்கும் பழைய செல்களின் கொழுப்பு, முறுக்கிய குழாய்களாக அதற்குள் தேங்கிவிடுகிறது. நான் பார்த்த அந்தக் கசங்கல் அதுதான்.

அப்படியானால் எந்த உறுப்பு பாதிக்கப்படும் என்பதைச் செல்லே சொல்லிவிடுகிறது. மேக்ரோபேஜ் எங்கெல்லாம் அதிகமோ அங்கெல்லாம் தேக்கம். மண்ணீரல் பெருக்கும். கல்லீரல் பெருக்கும். மஜ்ஜையில் இடம் அடைபட்டு ரத்த அணுக்கள் குறையும், எலும்பு வலிக்கும். வீட்டில் பார்ப்பவர்களுக்குத் தெரிவது இவ்வளவுதான்: குழந்தையின் வயிறு முன்தள்ளியிருக்கும், மூக்கில் அடிக்கடி ரத்தம் வரும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும், கால் வலி என்று இரவில் அழும், வயதுக்கேற்ற வளர்ச்சி இருக்காது. இதோடு ரத்தசோகையும் பிளேட்லெட் குறைவும் சேர்ந்து, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் அதிகமாக இருந்தால், மேலும் இரும்பு கொடுப்பதை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்.

இதை ரத்தப் பரிசோதனையிலேயே உறுதி செய்யலாம். வெள்ளணுக்களில் அந்த நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பார்கள், பிறகு மரபணுவைப் பார்ப்பார்கள். என்னுடைய ஸ்லைடை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள் என்று நானே சொல்வேன். சிலவகை ரத்தப் புற்றுநோயிலும் கிட்டத்தட்ட இதே போன்ற செல்கள் தெரியும்.

சிகிச்சை உண்டு. குறைந்திருக்கும் நொதியை ஊசி வழியாக ஏற்றும் மருந்து 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நொதியை ரத்தத்தில் விட்டால் அது சரியான செல்லுக்குள் எப்படிப் போகும்? மேக்ரோபேஜின் மேற்பரப்பில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. நொதியில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியைக் கத்தரித்து, மேனோஸ் வெளியே தெரியும்படி செய்தார்கள். செல் அதைப் பிடித்து இழுத்து நேரே லைசோசோமுக்குள் சேர்த்துவிடுகிறது. செல்லின் அமைப்பைப் படித்தவர்கள் அந்த அமைப்பையே வழியாக்கிக்கொண்டார்கள். மூளையைத் தாக்கும் வகைகளில் மட்டும் இந்த மருந்து மூளைக்குள் போவதில்லை, அது இன்னும் பெரிய சிக்கல்தான்.

அந்தப் பையனுக்கு ஒரு தங்கை இருந்தாள். பெற்றோர் இருவரும் இந்த மரபணுக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. வெளியே எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும் உடன்பிறந்தவர்களுக்கும் நொதிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அப்புறம், மாதிரி அனுப்பும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சீட்டில் மண்ணீரல் எவ்வளவு பெரிசு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.